செட் எண்ட சின்னச் சொல்லு
இங்கிலீஷில எனக்கு ஆகப் பிடிச்ச சொல்லு செட், ஏனெண்டா 1989இல வந்த ஒக்ஸ்போர்ட் அகராதியில வினைச்சொல்லா மட்டும் இதுக்கு 430 பொருள் கிடக்கு. சூரியன் செட் ஆனா மறையிறது, சீமெந்து செட் ஆனா இறுகிறது. வொலிபோலைப் பாருங்கோ, வலைக்குக் கிட்ட நிண்டு விரல் நுனியால பந்தை உயர்த்திக் குடுக்கிறவர் செட்டர், அவர் குடுக்கிறதும் செட், ரெண்டு புள்ளி வித்தியாசத்தோட 25 எடுத்து வெல்லுறதும் செட் (ஐஞ்சாவதுக்கு 15 காணும்). எங்கட பக்கமும் குறைவில்ல, திருவிழாவுக்குப் பாட்டு செட், கலியாணத்துக்கு நகை செட், "அவையள் எல்லாம் ஒரு செட்" எண்டா கூட்டாளியள். படிக்கிற பிள்ளையள் இதைத் தனியா பாடமாக்காதேங்கோ, பக்கத்தில நிக்கிற சொல்லையும் சேர்த்துப் பிடியுங்கோ, செட் ஓஃப் எண்டா வெளிக்கிடுறது, செட் அசைட் எண்டா ஒதுக்கி வைக்கிறது.