பதிவாகாத பதினொரு வருடம்

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு சமூக மையம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும். மொழிபெயர்த்துச் சொல்ல நானும் போய் உட்கார்வேன். 2007 இல் அப்படி ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் கனமான பிளாஸ்டிக் பையோடு வந்தார். பைக்குள் கல்யாண ஆல்பம், அழைப்பிதழ், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு வீடியோ கேசட். கணவர் இன்னொருத்தியோடு போய்விட்டார். விவாகரத்து வேண்டும், வீட்டில் பங்கு வேண்டும்.

"இந்தக் கசட்டைக் கோட்டில போட்டுக் காட்டலாமோ அக்கா? ஐயர் தாலி எடுத்துக் குடுக்கிறது வடிவாத் தெரியுது."

பதிவு செய்தீர்களா என்று கேட்டேன். இல்லை. 1996 இல் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினார்கள். மாப்பிள்ளையின் அகதி வழக்கு அப்போது முடியவில்லை. "எழுத்தைப் பிறகு வைப்பம் எண்டவர்." எழுத்து என்றால் யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பதிவு. அந்தப் பிறகு வரவே இல்லை.

மதுரையில் சட்டம் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, புலம்பெயர்ந்தவர்களின் மதச் சட்டங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் நான். விடை விரல்நுனியில் இருந்தது. "இந்த ஊர்ச் சட்டப்படி உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அதனால் விவாகரத்துக்கு அலைய வேண்டியதில்லை" என்றேன். ஏதோ அலைச்சலை மிச்சப்படுத்திவிட்ட தொனியில் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் ஆல்பத்தை மூடினார். "அப்ப பதினொரு வருசமா நான் ஆரோடை இருந்தனான்?"

நான் சொன்னது சட்டப்படி சரி. 1753 இல் வந்த ஹார்ட்விக் சட்டம், திருமணம் என்றால் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும் என்றது. யூதர்களுக்கும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் மட்டும் விலக்கு. பிற்பாடு மற்றவர்களுக்கும் கதவு திறந்தது, ஆனால் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டுதான். 1949 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் முக்கியமான கேள்விகள் இவை: அந்த இடம் திருமணத்துக்குப் பதிவானதா, முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்தார்களா, உரிய அதிகாரி இருந்தாரா. மந்திரம் சொன்னது யார், ஓமம் எத்தனை நாழிகை எரிந்தது என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வகுப்பில் இதை வைத்து ஒரு விளையாட்டுக் காட்டுவேன். ஒரு கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் முறைப்படி செல்லுபடியானால், பொதுவாக இங்கிலாந்தும் அதை ஏற்கும். தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, உறவினர் முன்னால் மாலை மாற்றினால் போதும். அந்தத் தம்பதி லண்டனுக்கு வந்தால் கணவன் மனைவிதான். லண்டனிலேயே பதிவில்லாத மண்டபத்தில் மூன்று மணி நேரம் சகல வைதிகச் சடங்கோடும் தாலி கட்டியவர்கள், ஒரு வீட்டில் வசிக்கும் இரண்டு பேர். இலங்கையில் காத்தான்குடியில் பதிவான நிக்காஹ் லண்டனில் செல்லும், ஈஸ்ட் ஹாமில் வரவேற்பறையில் ஓதிய நிக்காஹ் ஈஸ்ட் ஹாமிலேயே செல்லாது. மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் நடத்தினேன், அந்தச் சனிக்கிழமை வரை.

அதற்குப் பிறகு என் வேலையே திசை மாறியது. நூலகத்தைக் குறைத்துக்கொண்டு, முஸ்லிம்களுக்கு மத முறைப்படி விவாகரத்துத் தரும் ஷரியா கவுன்சில்களின் காத்திருப்பு அறைகளில் போய் உட்கார ஆரம்பித்தேன். பொட்டு வைத்த பெண் எதற்கு வந்திருக்கிறாள் என்று முதல் நாள் எல்லோரும் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு பாட்டி, எனக்கு என்ன பிரச்சினை என்று தனியாக அழைத்து விசாரித்தார்.

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவோடுதான் பெரிய மல்லுக்கட்டு. பேட்டி கொடுப்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். குடிவரவு அலுவலகத்துக்குப் பயந்து பால்காரர் ரசீதில்கூடக் கையெழுத்துப் போடாத பெண்களிடம் நான்கு பக்கப் படிவம்! வாய்மொழி ஒப்புதல் போதும் என்று ஒத்துக்கொள்ளவைக்க ஏழு மாதம் ஆனது.

அந்த அறைகளில் கண்டது, நான் படித்துவிட்டுப் போனதற்கு நேர்மாறாக இருந்தது. வந்தவர்களில் பலரிடம் ஏற்கெனவே ஆங்கில நீதிமன்றம் கொடுத்த விவாகரத்துத் தாள் இருந்தது. அந்தத் தாளை மாமியார் ஏற்கவில்லை, அப்பா ஏற்கவில்லை, சிலருக்குத் தங்கள் மனசே ஏற்கவில்லை. இரண்டாவது தாளுக்காக உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் சிலருக்கு நிக்காஹ் மட்டும்தான், பதிவு இல்லை. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவே வழியில்லை. எந்தச் சட்டம் உயர்ந்தது என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்தத் தாள் கிடைத்தால் விடுவார்கள் என்றுதான் கேட்டார்கள்.

2008 பிப்ரவரியில் கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ், ஷரியாவின் சில அம்சங்களுக்கு இடம் கொடுப்பது தவிர்க்க முடியாததாகத் தோன்றுகிறது என்று சொன்னார். நாடே கொந்தளித்தது. என் அறைத் தொலைபேசி ஓயவில்லை. ஒரு வானொலியிலிருந்து பேசியவர், "நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா? முப்பது விநாடியில் சொல்லுங்கள்" என்றார். கல்யாணத்தைப் பதிவு செய்வதைப் பற்றிப் பேசலாமா என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சரி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பத்து வருடம் கழித்து 2018 இல், மோனா சித்திகி தலைமையில் அரசு அமைத்த குழு அறிக்கை கொடுத்தது. கவுன்சில்களை நாடுகிறவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் விவாகரத்து கேட்டு வரும் பெண்கள், அதனால் நிக்காஹுக்கு முன்போ அதனுடனோ சிவில் பதிவைக் கட்டாயமாக்குங்கள் என்றது. நாங்கள் கத்திக்கொண்டிருந்ததும் அதுதான். சட்டம் மாறவில்லை. சவுத்ஹாலில் ஓர் உணவகத்தில் 1998 இல் நடந்த நிக்காஹ், அக்தர் எதிர் கான் வழக்காக வந்தது. அது செல்லாத திருமணம் என்றார் 2018 இல் உயர் நீதிமன்ற நீதிபதி. செல்லாத திருமணம் என்றாலாவது ஜீவனாம்சம் கேட்க வழி உண்டு. 2020 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அது திருமணம் என்ற கணக்கிலேயே வராத சடங்கு என்று சொல்லிவிட்டது. தீர்ப்பைப் படித்தபோது எனக்குச் சவுத்ஹால் நினைவுக்கு வரவில்லை, மூடிய ஆல்பம்தான் வந்தது.

அந்த ஆல்பக்காரர் என்னை விடவில்லை. 2011 இல் தொலைபேசியில் அழைத்தார். கல்யாணம் பேசியபோதே இந்தப் பெண்ணின் அம்மா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு காணியைச் சீதன உறுதியாக, அதாவது சீதனப் பத்திரமாக, எழுதிக் கொடுத்திருந்தார். போர் முடிந்ததால் விற்கலாம் என்று பார்த்தால், அங்கே பத்திரம் எழுதும் நொத்தாரிசு, கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறாராம். அவர் காட்டியது தேசவழமையை. அது மதச் சட்டம் அல்ல, யாழ்ப்பாணத்து வழமை. டச்சுக்காரர் காலத்தில் 1707 இல் தொகுத்தது. அதனோடு சேர்ந்த 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இவர் விஷயத்தில் அந்த நொத்தாரிசு கேட்டது சரியா என்பது தனி விவாதம்.

"லண்டனில எனக்குப் புருசனே இல்லை எண்டியள். யாழ்ப்பாணத்தில அவற்றை கையெழுத்தில்லாமல் என்ரை காணியை விக்கேலாது எண்டினம். நீங்கள் ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவெடுங்கோ" என்று சிரித்தார். கணவன் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றமே அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதைச் சொன்னேன். வழக்காட அவர் போகவில்லை. காணி இன்னும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. அதைப் பற்றி எழுதிய கட்டுரை என் பெயரில் வந்தது.

2023 இல் அவருடைய மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டும் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை, அழைப்பிதழில் அது மட்டும்தான். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் "எழுத்து". எட்டுப் பேர் போனோம். "முதல்ல எழுத்து, பிறகுதான் தாலி" என்று மருமகனிடம் கறாராகச் சொல்லியிருந்தாராம். என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்.

2021 மே மாதத்திலிருந்து பெரிய பதிவேடு கிடையாது, ஒரு தாள்தான். அதில் தாயின் பெயருக்கும் இடம் உண்டு. அதுவரை இங்கிலாந்துத் திருமணப் பதிவுகளில் தகப்பன் பெயர் மட்டும்தான் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளின் மேல் குனிந்து, தன் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.