டெக்ஸகோ பம்ப் என்று வாங்கி வந்தவர் வீட்டில்

அமெரிக்கக் கிராமத்து ஏலங்களில் பழைய பெட்ரோல் பம்ப் எடுத்தவர் வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒரே கூத்துதான். வண்டியிலிருந்து இறக்கியதும் மனுஷன் முதலில் செய்வது, உச்சியில் வைக்கும், பெட்ரோல் கம்பெனிச் சின்னம் போட்ட கண்ணாடிக் குளோபுக்கு ஆர்டர் கொடுப்பது. "என்ன பம்ப்?" என்று கேட்டால் "டெக்ஸகோ" என்பார். டெக்ஸகோ பெட்ரோல் விற்ற கம்பெனி; பம்ப் செய்தவர்கள் வேறு. தெரியாவிட்டால் "ஃபோர்ட் வேன் ஊர்ப் பம்ப்" என்று சொல்லிவைக்கலாம், நிறைய தடவை சரியாக இருக்கும். பௌசர், வேன், டோக்கைம் என்ற மூன்று பம்ப் கம்பெனிகளும் இண்டியானா மாநிலத்தின் அந்த ஒரே ஊரில்தான் இருந்தன. 1885இல் சில்வானஸ் பௌசர் மண்ணெண்ணெய்க்குச் செய்த பம்ப்தான் அங்கே பிள்ளையார் சுழி.

கம்பெனிப் பெயருள்ள தகட்டை முன்பே எவராவது நெம்பி எடுத்திருப்பார்கள். அப்போது உருவத்தைப் பார்க்க வேண்டும். உச்சியில் கண்ணாடி உருளையும் பக்கத்தில் நீளக் கைப்பிடியும் இருந்தால் பெட்ரோல் கண்ணுக்குத் தெரியும் 1920களின் விசிபிள் பம்ப். கடிகாரம் மாதிரி முள் சுற்றினால் 1930களின் தொடக்கம். காலன் அளவையும் காசையும் காட்டும் எண் உருளைகள் சேர்ந்து உருண்டால் அதற்குப் பிந்திய கம்ப்யூட்டிங் பம்ப். கதவை மட்டும் நம்பக் கூடாது. வேறு பம்பின் கதவை மாட்டி விற்பார்கள். வார்ப்பில் பதிந்த பாக எண்களே சாட்சி. இவ்வளவும் பார்த்து முடிக்கும்போது, குளோபே வைக்காத 1950களின் மாடல் என்று தெரியவரும். குளோப் அதற்குள் பார்சலில் கிளம்பியிருக்கும்.

நிறத்துக்கும் இதே அவசரம். கீல் மறைவில் ஓரிடத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்து, நாணய அளவுக்கு வட்டமாகத் தேய்த்தால் அசல் நிறம் முதல் பூசிய நிறங்கள் அத்தனையும் வளையம் வளையமாகத் தெரியும். நனைத்தே தேய்க்க வேண்டும், பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. பெயிண்டை உரிக்க அகலமான கதவுத் தகட்டில் மணல் பீய்ச்சும் சாண்ட்பிளாஸ்ட் அடித்தால் பொரித்த அப்பளம்தான். அதை மறுபடி நேராக்க ஆளே கிடைக்காது. கதவுக்குப் பெயிண்ட் ரிமூவர் போதும், மணலை வார்ப்பிரும்பு அடிப்பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் கட்டாயம் ஒரு மச்சான் கேஸ் டார்ச்சோடு வருவார். அவரைக் காபி கொடுத்து உட்கார வையுங்கள். பம்ப் உடலிலும் மீட்டரிலும் பழைய பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, வடித்து, கழுவும்வரை தீப்பொறி கூடாது. இறுகிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தால் போதும்.

துருவுக்கு மின்பகுப்பு. 20 லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மேசைக்கரண்டி சலவைச் சோடா. சமையல் சோடா அல்ல. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகம் கரையும், வேண்டாத துண்டு பளபளக்கும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் வேலை திறந்தவெளியில். அலுமினியம், துத்தநாக வார்ப்பு எதையும் இந்த வாளிக்குள் காட்டவே வேண்டாம்.

துத்தநாக வார்ப்பு அதிகம் இருப்பது காலனையும் காசையும் கணக்குப் போடும் பெட்டியில், அதாவது வீடர்-ரூட் கம்ப்யூட்டரில். உருளை சுற்றவில்லை என்று குறடு போட்டுத் திருகினால் பல் உடையும். மெல்லிய எண்ணெய் விட்டு, ஊறவிட்டு, விரலால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். வார்ப்பே ஊதி வெடித்திருந்தால் வைத்தியம் கிடையாது, இன்னொரு பெட்டியிலிருந்து பாகம் எடுப்பதுதான் வழி.

பெட்டி ஓடத் தொடங்கியதும் அதில் காலனுக்கு என்ன விலை வைப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து கூடும். இன்றைய விலையை வைக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வைக்க முடியாது. இவற்றில் பல 99.9 சென்டுக்கு மேல் ஏறாதவை. 1979-80இல் காலன் ஒரு டாலரைத் தாண்டியபோது, நிலையக்காரர்கள் அரைக் காலன் விலையைப் பம்பில் வைத்து, வந்த தொகையை இரண்டால் பெருக்கித்தான் காசு வாங்கினார்கள்.