கேட்ட பேரிங்கும் கொடுத்த பேரிங்கும்

“சரிண்ணே, நீங்க சொல்ற மாதிரியே குடுங்க” என்று அந்தப் பையன் சொன்னதில் சம்மதம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஸ்கேட்போர்டுக்கு எட்டு பேரிங் வாங்க வந்தவன் அவன். கேட்டது ஏபெக் 9 செராமிக், விலை கூடிய உயர்ரகம். மதுரையிலிருந்து வரவழைத்தாலும் பரவாயில்லை என்று பணத்தைக் கையிலேயே வைத்திருந்தான். நான் கொடுத்தது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த, 608 என்ற அளவுள்ள சாதாரணப் பேரிங். விலை குறைந்ததை விற்றவனுக்கு இதில் என்ன உறுத்தல் என்று, கடலோரத்தில் படகுக்காரர்களுக்குப் பேரிங் விற்கும் எங்கள் கடையில் உடன் வேலை பார்ப்பவர் கேட்கிறார்.

காகிதத்தில் பொதிந்து அவன் கொண்டுவந்த பழைய பேரிங்கைப் பார்த்ததுமே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது. அது தகட்டு மூடி வைத்தது. மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளி மணலுக்குப் போதுமான வாசல். ஊசியால் நெம்பித் திறந்தேன். ஏழு குண்டுகளில் இரண்டு அசையவே இல்லை. குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கேஜ் ஓரிடத்தில் விட்டிருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறக் குழம்பும் அதற்குள் வெளுத்த மணற்பருக்கைகளும் இருந்தன. எங்கே ஓட்டினாய் என்று கேட்டதற்கு, தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை என்றான். ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், ஆடிக் காற்றில் தார் தெரியாத அளவுக்கு மணல் ஏறிக் கிடக்கும் சாலை அது.

அவனிடம் சொன்னதை இப்போதும் ஒரு சொல் மாற்றாமல் சொல்வேன். ஏபெக் என்பது அமெரிக்கப் பேரிங் தயாரிப்பாளர்கள் வகுத்த அளவுத் துல்லியத்தின் தரவரிசை. 608-இன் துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. அந்தத் துளையின் சராசரி விட்டம் குறித்த அளவிலிருந்து ஏபெக் 1-இல் 8 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 8 பங்கு, வரை குறையலாம். ஏபெக் 9-இல் இரண்டரை மைக்ரான்தான் குறையலாம். மணல் என்று பெயர் பெறும் மிகச் சிறிய பருக்கையே அறுபது மைக்ரானுக்கு மேல் இருக்கும்போது, அது உள்ளே போன பிறகு அந்த ஐந்தரை மைக்ரான் வித்தியாசத்துக்கு ஒரு பொருளும் இல்லை. வேகத்தை எடுத்துக்கொண்டாலும், 54 மில்லிமீட்டர் சக்கரம் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றுதான் சுற்றுகிறது. ரப்பர் சீல் வைத்த சாதாரண 608-கூட அதைப் போலப் பல மடங்கு தாங்கும். குதித்து இறங்கும்போதும் பக்கவாட்டில் சறுக்கும்போதும் விழும் அடியைப் பற்றி ஏபெக் எண் எதுவுமே சொல்வதில்லை. செராமிக் என்று விற்பதிலும் பெரும்பாலும் குண்டுகள் மட்டுமே சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக், வளையங்கள் எஃகு. பாம்பன் பாலத்தை அரித்த காற்று குண்டை விட்டுவிட்டாலும் வளையத்தை விடாது.

இத்தனைக்கும் அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு மேசையில் கிடந்த, மூடியே இல்லாத திறந்த வகைப் புதுப் பேரிங் ஒன்றை விரலில் மாட்டிச் சுண்டினான். லேசான எண்ணெய் மட்டும் இட்டது என்பதால் நெடுநேரம் சத்தமிட்டுச் சுற்றியது. சீல் வைத்ததைச் சுண்டினான். கிரீஸும் ரப்பர் உதடும் பிடித்துச் சட்டென்று நின்றது. விரலில் சுற்றுவது வேறு, மேலே ஆள் நிற்கும்போது சுற்றுவது வேறு என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது: “தெரியும்ணே. எனக்கு அந்தச் சத்தம் வேணும். தெனமும் கழட்டித் தொடச்சு எண்ணெ போட்டுக்குவேன்.”

நான் நம்பவில்லை. இந்தக் கரையில் “வாரம் ஒரு தடவ கிரீஸ் வச்சுருவேன்” என்று சொல்லாமல் பேரிங் வாங்கியவர் குறைவு; கடலிலிருந்து வந்த அசதியில் அதைச் செய்தவர் அதைவிடக் குறைவு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த உழைப்புக்குப் பிறகு யாரால் முடியும்? ஆகவே, ஆள் கவனிக்காவிட்டாலும் தாங்கும் பொருளைக் கொடுப்பதே எங்கள் வேலையின் நியாயம் என்று பழகியிருக்கிறேன். அந்த நியாயத்தில் இப்போதும் எனக்கு ஐயமில்லை. எட்டு பேரிங்கையும் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, ஒவ்வொரு துளி எண்ணெய் இட்டு, ஸ்பேசரும் வாஷரும் மாறாமல் திரும்பக் கோர்ப்பது ஒரு மாலைப் பொழுதைத் தின்னும் வேலை.

ஆனால் மண்டபத்தில் ஒரு விசைப்படகு டிரைவர் இருக்கிறார். கரை சேர்ந்ததும் சோற்றுக்குப் போகும் முன் பேரிங்கை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, எண்ணெய் தடவிவிட்டுத்தான் எழுவார். அவர் திறந்த பேரிங் கேட்டால் நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தப் பையனும் அப்படிப்பட்டவனாக இருந்திருக்கலாம். பழைய பேரிங்கின் நிலை அவன் கவனிக்காததற்குச் சாட்சி என்று வாதாடிப் பார்க்கிறேன்; உடனே, கழற்றித் துடைக்க வேண்டும் என்பதே அந்தப் பேரிங் செத்த பிறகுதானே அவனுக்குத் தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. மணலைப் பற்றி எனக்குத் தெரியும், எஃகைப் பற்றித் தெரியும். அவனைப் பற்றி என்ன தெரியும்?

சீலை ஊசிமுனையால் வலிக்காமல் தூக்கி எடுக்கவும், உள்பக்கச் சீலை மட்டும் நீக்கிவிட்டு வெளிப்பக்கத்தை விட்டுவைக்கவும் அவனுக்குச் செய்து காட்டினேன். கிரீஸைக் கழுவிவிட்டு எண்ணெய் இட்டால் அவன் விரும்பிய ஓட்டமும் ஓரளவு சத்தமும் கிடைக்கும், மணலும் நேரே புகாது. அது நல்ல வழி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவன் உன்னிப்பாகப் பார்த்தான். அதன் பிறகுதான் அந்த “சரிண்ணே” வந்தது. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தான்.

இப்போது யார் வந்தாலும், கேட்டதையும் நான் சொல்வதையும் சேர்த்தே மேசையில் வைக்கிறேன். தேர்வு அவர்களுடையது என்று சொல்கிறேன். அப்படிச் சொன்ன மறுநிமிடமே உப்புக்காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன். பேசாமல் இருந்தால் தெரிந்ததை மறைத்தவனாவேன். பேசினால், எதிரே நிற்பவர் கேட்ட பேரிங்கை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டு நான் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்கிறார்.