கேஸ் ஷீட் யாருடையது?

அரசு மருத்துவமனை ஒன்றின் மருத்துவ ஆவணப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதும் கேஸ் ஷீட், விபத்துக் கேஸ்களைப் பதியும் ஏ.ஆர். பதிவேடு, பிரசவப் பதிவேடு எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. அடுத்தவர் நோயைத் தெரிந்துகொள்ள எங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்களில் முன்பின் தெரியாத ஆட்கள் குறைவு. கணவர், மாமியார், சம்பந்தியாகப் போகிறவர், சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளி, இவர்கள்தான் வருவார்கள். தனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று ஒவ்வொருவரும் மனதார நம்புவார்கள்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒருவர் மனைவியின் பழைய சிகிச்சை விவரத்தைக் கேட்டு வந்தார். “நான் அவ புருஷன் சார், எனக்கே காட்ட மாட்டீங்களா?” என்றார். “கோர்ட் உத்தரவு வாங்குங்க, நாங்க நேரா கோர்ட்டுக்கே அனுப்பிடுறோம்” என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் அதே கேள்வி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுவாக வந்தது. அந்தச் சட்டத்தின் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஒ) பிரிவை (ஆங்கிலத்தில் 8(1)(j)) மேலோட்டமாகப் படித்தவர்கள்கூட, அரசு ஆவணம் என்றாலே யாரும் கேட்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஒருவருடைய மருத்துவ ஆவணம், அவர் பெற்ற சிகிச்சை, எந்த மருத்துவமனைக்குப் போனார், எந்த டாக்டரைப் பார்த்தார் என்பதெல்லாம் தனிப்பட்ட தகவல். கொடுக்கலாம் என்று மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலர் நினைத்தால்கூட, சம்பந்தப்பட்டவருக்கு ஐந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அவர் பதில் சொல்லப் பத்து நாள் தர வேண்டும்.

இப்படிப்பட்ட மனுவுக்கு மறுப்பு எழுதுவதிலும் கவனம் வேண்டும். “இவருடைய கேஸ் ஷீட்டைத் தர இயலாது” என்று எழுதினால், அவர் இங்கே சிகிச்சை பெற்றார் என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பெயரில் ஒருவர் வந்தாரா இல்லையா என்பதே தெரியாதபடிதான் பதில் இருக்க வேண்டும். கருக்கலைப்பு விஷயத்தில் விதிகளே இதை யோசித்திருக்கின்றன. அட்மிஷன் பதிவேட்டைத் தவிர வேறு எந்தத் தாளிலும் அந்தப் பெண்ணின் பெயர் வரக்கூடாது, வரிசை எண் மட்டும்தான். ஒப்புதல் படிவம் ‘ரகசியம்’ என்று எழுதிய உறைக்குள் போய்விடும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னால் ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், ஜன்னலில் காப்பாற்றிய ரகசியம் வார்டில் வெளியே போய்விடும். எச்.ஐ.வி. உள்ளவரின் கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிவைக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அட்டை கட்டில் காலடியில் தொங்கும். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர் அதைப் படித்துவிட்டு ஊருக்குப் போவார். ஒரு தெருவே ஒரு குடும்பத்தோடு பேச்சை நிறுத்த அது போதும். 2018 செப்டம்பரில் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருவரின் நிலையை அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோடுதான் வெளியே சொல்லலாம் என்பது பொது விதி. நீதிமன்ற உத்தரவு, சிகிச்சை தருகிறவர்களுக்குள் பகிர்வது போல எண்ணிச் சொல்லக்கூடிய சில விலக்குகள்தான் உண்டு. துணைவருக்கு டாக்டரோ ஆலோசகரோ தெரிவிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் தொற்று உள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அவரை அடிப்பார்கள், வீட்டைவிட்டு விரட்டுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தால் சொல்லக் கூடாது என்கிறது அதே சட்டம். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் கதவுக்கு வெளியே தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்த யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, என்னை அதிகம் கோபப்படுத்தியது அதுதான். கணவரிடம் வாய்வார்த்தையாக எல்லாவற்றையும் சொல்லிவிடும் அதே ஊழியர்கள், நோயாளி தன் சொந்த கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால் “அதெல்லாம் ரகசியம்மா, தர முடியாது” என்பார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குக்காக ஒரு அம்மா நாலைந்து முறை அலைந்தார். கடைசியில் ஆர்.டி.ஐ. போடச் சொல்லி அனுப்பினார்கள், அதுவும் அவருடைய சொந்தக் கால் எலும்பு முறிந்த விவரத்துக்கு! மருத்துவ கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. ரகசியம் அந்த அம்மாவுடையது. அவரிடமிருந்தே அதைக் காப்பாற்றுவதாகச் சொல்வது எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதனால்தான் இப்போது வந்திருக்கும் மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிப்பட்ட தகவல் பிரிவின் வாசகத்தைச் சுருக்கிவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொது நலன் இருந்தால் தரலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவில் இப்போது இல்லை. பொது நலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் பயந்த அலுவலர் அதுவரை படிக்க மாட்டார். ஒரு வார்டில் எத்தனை பேர் இறந்தார்கள், மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று கேட்டாலும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பெயரை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுக்க 10-ஆவது பிரிவு வழி சொல்கிறது. நோயாளியின் மானத்தைக் காக்க அந்த வழியே போதும்.

காகிதம் போய்க் கணினி வந்த பிறகு வேலை இன்னும் கடினமாகியிருக்கிறது. பீரோவில் இருந்த கோப்பை எடுக்க என்னிடம் சாவி கேட்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது வார்டில் ஒரே பாஸ்வேர்டை ஷிப்டுக்கு வருகிற எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுத்து, சீனியர் டாக்டரின் கருத்துக்காக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் நாளைக்கு ஒரு பெண் வந்து “என் விஷயம் வெளியே போயிருக்கு, யார் பார்த்தாங்க?” என்று கேட்டால், கணினி காட்டப்போவது வார்டின் பெயரைத்தான். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுக்கப் பெரிய செலவு ஆகாது. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்ற பட்டியலை மாதம் ஒருமுறை ஆர்.எம்.ஓ. (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஓர் உத்தரவும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.