மாசசூசெட்ஸில் பழைய செப்டிக்கை மாற்றப் போகிறவர்களுக்கு

புதிய செப்டிக்கின் வரைபடம் கைக்கு வந்ததும் ஊர் சுகாதார வாரியம் எண்ணுவது பெட்ரூம்களை. டைட்டில் 5 என்ற மாநில செப்டிக் விதிப்படி பெட்ரூமுக்கு ஒரு நாளைக்கு 110 கேலன் கழிவுநீர் என்று கணக்கு. மூன்று இருந்தால் 330. "ஆபீஸ் ரூம்" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், கதவும் ஜன்னலும் போதிய இடமும் இருந்தால் அதையும் சேர்த்துவிடுவார்கள். தொட்டி குறைந்தது 1,500 கேலன். அதில் பெரிதாகத் தகராறு வராது.

தகராறெல்லாம் மண்ணில்தான். மண்ணைச் சோதிக்க ஆழக் குழி தோண்டும்போது வாரிய ஆள் கூடவே நிற்பார். குழி காய்ந்து கிடக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். சாம்பல் மண்ணில் துருநிறத் திட்டுகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, ஈரமான பருவத்தில் நிலத்தடி நீர் அதுவரை ஏறும் என்று கணக்கு. தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு படுகையின் அடிப்பாகம் அந்த நீர்மட்டத்துக்குக் குறைந்தது 4 அடி மேலே இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 2 நிமிடத்திலோ அதைவிட வேகமாகவோ நீர் இறங்கும் மணல் என்றால் 5 அடி. அந்த உயரம் கிடைக்காமல் படுகைக்கு மேடு கட்டி, பம்ப் வைத்து... செலவு எகிறுவது இங்கேதான்.

சொந்தக் கிணற்றிலிருந்து படுகைக்குக் குறைந்தது 100 அடி தூரம் வேண்டும், பேஸ்மென்ட் சுவரிலிருந்து 20 அடி. பழைய சின்ன மனைகளில் இது எங்கே அமையும்? அதற்குத்தான் "லோக்கல் அப்கிரேட் அப்ரூவல்". சில தளர்வுகளை வாரியமே தரலாம். எந்த அளவை ஏன் குறைக்கிறோம் என்று விண்ணப்பத்திலேயே பொறியாளர் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும்.

வாரியம் பார்க்கும் முன் மண் போட்டு மூட எந்த கான்ட்ராக்டரையும் விடாதீர்கள். மறுபடி தோண்டும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.