பன்னிரண்டு வயசு கம்ப்யூட்டரும் ஒரு தீபாவளி லீவும்

காலையில் பவர் பட்டனை அமுக்கிவிட்டு, எருமைக்குத் தண்ணி காட்டி, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தால் டெஸ்க்டாப் வந்திருக்கும். டேலி என்கிற கணக்கு மென்பொருள் திறக்க அதற்கு மேல் ஒரு டீ. இரண்டு வருசமாக இப்படித்தான் ஓட்டினேன். மெதுவாகிறதே என்று ஒரு நாளும் உட்கார்ந்து ரோசனை பண்ணவில்லை. வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லடம் பக்கம் எங்கள் ஊர். பன்னிரண்டு விசைத்தறி, கூலிக்கு நெசவு. கம்பெனிக்காரர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், துணியாக்கிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். தறிக்குடோனை ஒட்டிய எட்டுக்கு எட்டு ரூம்தான் ஆபீஸ். எங்கள் கணக்கோடு, பக்கத்துத் தறிக்காரர்கள் ஏழெட்டுப் பேருடைய பில், இ-வே பில், ஜிஎஸ்டி எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். 2013 நவம்பரில் வாங்கியது. ஐ3-4130 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அது நல்ல வண்டி.

2025 அக்டோபர் 10 ராத்திரி அது படுத்துவிட்டது. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு ஏற்றக் கடைசித் தேதி. பாதி இன்வாய்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சுட்டி நின்றது, அப்புறம் திரை நீலமானது. மறுபடி ஆன் செய்தால் தேதி 2013 ஜனவரி 1. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் ஜிஎஸ்டி தளத்தையே பாதுகாப்பில்லாதது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். அந்தத் தேதிக் கோளாறு ஆறு மாசமாக இருந்ததுதான். தினமும் காலையில் சாமி கும்பிடுகிற மாதிரி தேதியைத் திருத்திவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். எப்படியோ ராத்திரி ஒன்றரைக்கு வேலை முடிந்தது.

விடிந்ததும் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு, பக்கத் தகட்டைக்கூடக் கழற்றாமல், "போர்டு வீக்குங்ண்ணா. இனி இதுக்குச் செலவு பண்றது தண்டம். விண்டோஸ் 10 வேற இந்த மாசத்தோட முடியுது" என்றான். புதுசுக்குக் கொட்டேசன் 38,500 ரூபாய், மானிட்டர் இல்லாமல்.

விண்டோஸ் பற்றி அவன் சொன்னது நிஜம். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும். என்னுடையது நாலாம் தலைமுறை. வாங்கிவிடலாம் என்றே இருந்தேன். என்னைத் தடுத்தது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று காப்பி கார்பன் தாளில் டெலிவரி சலான் அடிப்பதற்கு அதை விட்டால் நாதியில்லை. அதன் கனத்த பேரலல் கேபிள் என் பழைய போர்டில் நேராகச் செருகும். புது போர்டில் அந்தச் செருகு வாயே கிடையாது. கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் என்றான் கடைப் பையன். பக்கத்து ஊர்த் தறிக்காரர் ஒருவர் அதைப் போட்டு, சலான் முழுக்கக் கிறுக்கலாக வந்து தலையில் அடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "நாடா சரியா ஓடலீன்னா நாடாவப் பாப்பமா, தறியவே மாத்துவமா? என்ன கோளாறுன்னே தெரியாம எதுக்கப்பா இம்புட்டு முட்டுவழி?"

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை தறி நின்றது. ஒரு வாரம் லீவு. பன்னிரண்டு தறியும் நின்ற பிறகு அந்த ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்போதுதான் கேட்டது, உள்ளே ஃபேன் போட்ட கூச்சல். கிரைண்டர் ஓடுகிற மாதிரி. அது எத்தனை வருசமாக அப்படிக் கத்துகிறதோ தெரியாது. தறிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

கோவையில் இஞ்சினியரிங் படிக்கிற அக்கா மகன் நோம்பிக்கு வந்திருந்தான். "மாமா, முதல்ல வெப்பம் பாக்கலாம், அப்புறம் டிஸ்க்கப் பாக்கலாம். கடைக்காரங்க சொன்னத மறந்துருங்க" என்று இரண்டு இலவச மென்பொருளை இறக்கினான். கோர் டெம்ப் சும்மா இருக்கும்போதே 78 டிகிரி காட்டியது. டேலியும் பிரவுசரும் திறந்தால் 98. அந்தச் சூட்டில் பிராசசர் கருகிப்போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். மெதுவாக இருந்ததற்கு வயசு காரணமில்லை, மூச்சு முட்டல்.

அடுத்தது கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. டிஸ்க்கின் உடல்நிலை மஞ்சள் நிறத்தில் 'எச்சரிக்கை'. ஓடிய நேரம் 31,000 மணி சொச்சம். கெட்டுப்போய் ஒதுக்கி வைத்த செக்டார்கள் (டேட்டா எழுதுகிற குட்டிக் குட்டி இடங்கள்) கொஞ்சம், படிக்கவே முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டார்கள் கொஞ்சம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எந்நேரமும் நூறு சதவீதம். "மாமா, எதையும் தொடாதீங்க. மொதல்ல காப்பி எடுங்க" என்றான். டேலி டேட்டா ஃபோல்டர், ஜிஎஸ்டி பிடிஎஃப், பாப்பாவின் காதுகுத்துப் போட்டோ எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்ற ஒரு பகல் முழுக்க ஆனது. ஒரு வருசத்து டேலி பேக்கப் ஃபைல் கடைசிவரை வரவே இல்லை. நல்லவேளை, அது ஆடிட்டரிடம் இருந்தது. டிஸ்க் சாகக் கிடக்கும்போது முழு டிஸ்க்கையும் அப்படியே நகல் (குளோன்) எடுக்கிற வேலை ஆகாது. கெட்ட செக்டாரில் போய் மணிக்கணக்காக முட்டிக்கொண்டு நிற்கும். தேவையான ஃபைலை மட்டும் முதலில் எடுத்துவிட வேண்டும்.

பிறகு கேபினட்டை வாசலுக்குத் தூக்கிவந்து பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு பூச்சு. பிராசசர் ஃபேனுக்கு அடியில் இருக்கிற அலுமினியத் தகடுகள் வெளியே தெரியவே இல்லை. ஃபேனை எடுத்தேன். தகடுகளுக்கு மேல் பஞ்சு வட்டமாக, கனமாக, கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக ஒரே வில்லையாக வந்தது. அடை தோசை கனம். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வெச்சு ரெண்டு திரி திரிக்கலாமுங் கண்ணு" என்றார். தறிக்குடோனில் பறக்கிற பஞ்சு அத்தனையையும் பன்னிரண்டு வருசமாக இழுத்து இழுத்துச் சேர்த்து வைத்திருந்தது அந்த ஃபேன்.

தறியைச் சுத்தம் பண்ணுகிற ப்ளோயரால் ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காத்து வேகத்தில் கண்டபடி சுத்தவிட்டால் பேரிங் போய்விடும். பிராசசர் மேலிருந்த, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் காத்து ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் தலை உப்பிப்போய் நின்றன. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். கையில் தூக்கினால் பொரி மூட்டை கனம்கூட இல்லை. நீலத் திரைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றான் அக்கா மகன். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கரண்ட்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

தீபாவளி முடிந்து கடைகள் திறந்ததும் பல்லடத்தில் பஸ் ஏறி, சூலூர், சிங்காநல்லூர் வழியாக காந்திபுரம் போனோம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போட 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி 3,300. 80 பிளஸ் வெண்கல (ப்ரோன்ஸ்) தரச்சான்று உள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் 2,650. இந்த ரெண்டும் புதுசுதான் வாங்க வேண்டும் என்று அக்கா மகன் கறாராக இருந்தான். டேட்டா இருக்கிற இடத்திலும் கரண்ட் வருகிற இடத்திலும் பழசு ஆகாது என்பது அவன் கட்சி. பேஸ்ட் 220, சாட்டா கேபிள் 80, போர்டு தேதியை மறக்காமல் இருக்கப் போடுகிற சிஆர்2032 வட்ட பேட்டரி 40 ரூபாய். ஆறு மாசம் தினமும் தேதி திருத்தியது இந்த நாற்பது ரூபாய் சமாச்சாரத்துக்காகத்தான். அதை நினைத்து பஸ்ஸில் எனக்கே சிரிப்பு வந்தது.

பழைய சாமான் விற்கிற இன்னொரு கடையில் ஐ5-4570 பிராசசர் கிடைத்தது, கூலரோடு 1,900 ரூபாய். ஐ5-4590 ஒன்றும் இருந்தது, கொஞ்சம் வேகம் கூட. ஆனால் 4590 அடுத்த வருசம் வந்த வகையறா. 2013-இல் வாங்கிய போர்டில் பயாஸை (போர்டை எழுப்பிவிடுகிற மென்பொருள்) அப்டேட் பண்ணாமல் போட்டால் எழுந்திருக்காமல் போகலாம். 4570 அப்படியே உட்காரும். பயாஸ் அப்டேட் பண்ணும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டே போச்சு. எங்கள் ஊர்க் கரண்ட்டை நம்பி அந்த வேலைக்கு நான் தயாராக இல்லை.

ராம் விசயத்தில்தான் சறுக்கினேன். லீவு நாளிலேயே அவசரப்பட்டு ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று, புதுசு, வெகு சல்லிசாக இருக்கிறதே என்று பையனிடம் கேட்காமல் ஆர்டர் போட்டிருந்தேன். வந்ததும் மாட்டினேன். ஃபேன் சுத்தியது, திரை கருப்பு. கழற்றி அடுத்த ஸ்லாட்டில் போட்டேன். கருப்பு. தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். கருப்பு. போர்டைக் கெடுத்துவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன், கையெல்லாம் வேர்த்துவிட்டது. பையன் சாவகாசமாக வந்து ராமை வெளிச்சத்தில் பிடித்தான். "மாமா, ஸ்டிக்கர்ல ஏஎம்டின்னு போட்டிருக்குது பாருங்க."

டிடிஆர்3-யில் இப்படி ஒரு ரகம் உண்டு. அதில் சிப்புகள் அடுக்கியிருக்கிற விதத்தை ஏஎம்டி போர்டுகள் மட்டும் படிக்கும், இன்டெல் போர்டு கண்டுகொள்ளாது. அதனால்தான் விலை குறைவு. விற்றவர் அதை மறைக்கவும் இல்லை, விவரத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தது, நான்தான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. திருப்பி அனுப்பிப் பணம் வரப் பன்னிரண்டு நாள். பழைய 4 ஜிபியை மறுபடி மாட்டியதும் திரை வந்தது. அந்த நேரத்து நிம்மதியை எழுத வராது. காந்திபுரத்தில் அதே பழைய கடையில் 1,000 ரூபாய்க்கு நல்ல கம்பெனி 8 ஜிபி வாங்கினோம். ஏற்கெனவே இருந்த நாலோடு சேர்த்துப் பன்னிரண்டு. பழைய ராம் என்பதால் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் என்கிற ராம் சோதனையை ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு போனோம்.

பிராசசர் மாற்றுவது பயந்த அளவுக்கு இல்லை. சாக்கெட்டுக்குள் முடி மாதிரி ஊசிகள், அதன்மேல் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். கூலர்தான் உயிரை எடுத்தது. நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஆணி. எதிரெதிர் மூலையாக அமுக்க வேண்டும், டக்கென்று சத்தம் வர வேண்டும். மூன்றில் வந்தது, நாலாவதில் வரவில்லை. போர்டு வளைகிற மாதிரி அமுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் போர்டைக் கேபினட்டைவிட்டு வெளியே எடுத்து, பின்பக்கம் ஆணியின் நுனி வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மாட்டினோம். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம்.

எஸ்எஸ்டிக்கு இடம் பார்த்துச் செருக வேண்டும். எச்81 போர்டில் டிஸ்க் செருக நாலு சாட்டா போர்ட் உண்டு, அதில் ரெண்டுதான் வேகமானவை. பக்கத்திலேயே சன்ன எழுத்தில் 6ஜி, 3ஜி என்று அச்சடித்திருக்கும். பயாஸில் டிஸ்க்கோடு பேசுகிற முறை (சாட்டா மோடு) பழைய ஐடிஇ என்று இருந்ததைப் புது ஏஎச்சிஐ ஆக்கிவிட்டு, விண்டோஸ் 10-ஐயே புதுசாகப் போட்டோம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் பண்ணச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கிடைக்கும் என்றிருந்தது. அதற்குப் பதிந்துகொண்டேன். விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பையன் சொன்னான். நாலு பேர் கணக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டு வேண்டாம் என்றுவிட்டேன். அந்தத் தேதிக்கு அப்புறம் என்ன செய்வது என்பதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மொத்தம் 9,190 ரூபாய். இப்போது பட்டனை அமுக்கிவிட்டு நாற்காலியை இழுப்பதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது 41 டிகிரி. உள்ளதைச் சொன்னால் ஐ5-க்குக் கொடுத்த 1,900 எனக்குத் தண்டம்தான். எஸ்எஸ்டி போட்டு, பஞ்சை எடுத்து, ராம் ஏற்றியதிலேயே வேகம் வந்துவிட்டது. ரெண்டு பிராசசரையும் மாற்றி மாற்றிப் போட்டு டேலி திறந்து பார்த்தோம், எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீடியோ எடிட் பண்ணுகிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். கூட இருந்தவன் வயசு அப்படி, ஐ5 என்றதும் அவன் கண் மின்னியது, வாங்கிவிட்டேன்.

கேபினட்டைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, காத்து இழுக்கிற பக்கம் கொசுவலைத் துண்டை ரெண்டு மடிப்பாக ஒட்டியிருக்கிறோம். மூன்று வாரத்தில் அதைக் கழற்றி அலசினால் தண்ணி வெள்ளையாகப் போகிறது.

லீவு முடிந்து தறி ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது ஃபேன் சத்தம் சுத்தமாகக் கேட்பதில்லை. சுத்துகிறதா, நின்றுவிட்டதா, காதால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தினமும் பொழுதோடு, பில் போட உட்காருவதற்கு முன்னால், கேபினட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் காத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.