சனிக்கிழமைச் சம்பளத்தில் ஐந்து லட்சம் கடனை அடைத்தோம்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பள நாள். என் கணவர் கட்டிங் மாஸ்டர். வேலை ஒழுங்காக ஓடும் வாரத்தில் 5,500 ரூபாய் அளவில் கொண்டுவருவார். நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு மாதச் சம்பளம் 13,000 ரூபாய். வருமானம் வாரா வாரம் வர, கடன் தவணைகளோ மாதத்தின் 5ஆம் தேதியையும் 10ஆம் தேதியையும் குறிவைத்து நின்றன. முதல் சனிக்கிழமை வந்த பணம் அடுத்த மாதம் 5ஆம் தேதி வரை கையில் தங்கியதே இல்லை. எங்கள் கடன் வளர்ந்ததற்கு மாமனாரின் இதய அறுவை சிகிச்சை ஒரு காரணம் என்றால், இந்தத் தேதிப் பொருத்தமின்மை இன்னொரு காரணம் என்பதைக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

எழுதிப் பார்த்தது 2022இல். அந்த ஆண்டு நூல் விலை தாறுமாறாக ஏறியதும், மே மாதத்தில் உற்பத்தியாளர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததும் திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆர்டர் குறைந்ததால் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே அரிதானது. அப்போதுதான் ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் எழுதினோம். மருத்துவச் செலவுக்காக 2021 தொடக்கத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் எங்கள் இருவர் பெயரிலும் வாங்கிய தனிநபர் கடன் மூன்று லட்சத்தில் 2,40,000 மீதி இருந்தது. அதற்கு மாதத் தவணை 7,137 ரூபாய். கிரெடிட் கார்டில் 68,000. தனியார் அடகு நிறுவனத்தில் என் நகை ஐந்தரைப் பவுனின் மேல் 1,40,000. நாத்தனாரிடம் கைமாற்றாக வாங்கியது 50,000. தினத் தண்டல் 20,000. கூட்டினால் 5,18,000 ரூபாய் வந்தது. "இவ்வளவா இருக்குதுங்க?" என்று கேட்டதற்குக் கணவர், "கூட்டாத வரைக்கும் கம்மியாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

தொகையைவிட வட்டியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. நம் ஊர் வழக்கில் ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு மொழியில் பேசும். அடகு நிறுவனத்தில் "ரெண்டு ரூபாய் வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். அதாவது ஆண்டுக்கு 24 விழுக்காடு. கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை விழுக்காடு என்பது ஆண்டுக்கு 42. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. தனிநபர் கடனுக்கு ஆண்டுக்கு 15. தண்டலில் வட்டி என்ற பேச்சே கிடையாது. இருபதாயிரம் என்று எழுதிக்கொண்டு இரண்டாயிரத்தைப் பிடித்தம் செய்துவிட்டு 18,000 கொடுப்பார்கள். நாளுக்கு 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து விழுக்காடு போலத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், முழு 18,000 நம் கையில் ஒரு நாள்கூட நிற்பதில்லை. அதையும் நூறு நாளில் முடிகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நாங்கள் "சின்னக் கடன்" என்று சொல்லி வந்ததுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய கடன்.

தண்டலில் இருந்து வெளியே வருவதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அது நூறு நாளில் தானாகவே முடிந்துவிடும் கடன். ஆனால் அறுபது எழுபது நாள் கட்டியவுடன் தண்டல்காரர் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுக் கடன் கொடுத்துவிடுவார் என்பதால் யாருக்கும் முடிவதில்லை. எங்களிடமும் புரட்டாசியில், "தீபாவளி வருதுங்க, இன்னொரு இருபது போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் முகம் சுளிக்கவில்லை. மறுநாளும் வந்து அதையே கேட்டார். அந்தத் தீபாவளிக்கு முன்பே கடைசி 200 ரூபாயைக் கொடுத்து அட்டையை வாங்கிக்கொண்டோம். மாதம் 6,000 ரூபாய் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

கிரெடிட் கார்டில் நாங்கள் மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவந்தோம். 68,000க்கு அது ஏறத்தாழ 3,400 ரூபாய். இதில் வட்டி 2,380, அதன் மேல் ஜி.எஸ்.டி. 428, ஆக அசலில் குறைவது அறுநூறுகூட இல்லை. வங்கியை அழைத்து, நிலுவை முழுவதையும் தவணையாக மாற்றித் தரும்படி கேட்டபோது, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் 24 மாதம் என்றார்கள். தவணை எவ்வளவு என்று கேட்டேன்: 3,395 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஏறக்குறைய அதே பணத்தைத்தான் நாங்கள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பெயரில் கட்டினால் பல ஆண்டுகளுக்கு நீளும் கடன், இன்னொரு பெயரில் கட்டினால் இரண்டே ஆண்டில் முடிகிறது. இப்படி மாற்றித் தரும் வசதி இருப்பதைக் கார்டு கொடுக்கும்போது யாரும் சொல்லவில்லை. பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். மாற்றிய அன்றே கார்டைக் கத்தரித்துப் போட்டோம்.

அடகு நகையை வங்கிக்கு மாற்றியதுதான் இந்த முயற்சியிலேயே பதற்றமான வேலை. அரசு வங்கியில் நகைக்கடன் வட்டி அப்போது 9 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 1,40,000க்கு மாதம் 2,800 கட்டிக்கொண்டிருந்த இடத்தில் 1,050 கட்டினால் போதும். ஆனால் நகை வங்கிக்குப் போக வேண்டுமானால் முதலில் மீட்க வேண்டும். மீட்பதற்கு ஒன்றரை லட்சம் வேண்டும். என் தம்பி ஒரு பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். சனிக்கிழமை கூலி போடுவதற்காகக் கணக்கில் வைத்திருந்த பணத்தை வெள்ளிக்கிழமை காலை எங்களுக்கு அனுப்பினான். "நகை கைக்கு வந்ததும் நேரா பேங்குக்குப் போயிருங்கக்கா, வீட்டுக்குப் போனா மனசு மாறிரும்" என்று அவன் சொன்னது நியாயமான எச்சரிக்கை.

அடகு நிறுவனத்தில் வட்டியோடு சேர்த்துக் கட்டி, நகையைச் சீட்டில் எழுதியிருந்தபடி எடை போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனபோது பதினொரு மணி. நகை மதிப்பீட்டாளர் ஆரத்தையும் வளையல்களையும் உரைகல்லில் உரசி, அமிலத்தைத் தொட்டு வைத்துப் பார்த்தார். ஜிமிக்கியின் கல்லுக்கும் ஆரத்தின் அரக்குக்கும் எடையைக் கழித்தார். 44 கிராம், நிகர எடையில் 42 ஆயிற்று. அப்போது பவுன் 38,000 ரூபாயை ஒட்டி இருந்தது. மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் கடன் தரக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. கணக்குப்படி ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வரை கிடைக்கும். நாங்கள் 1,40,000 மட்டும் கேட்டோம். மாலைக்குள் தம்பியின் பணம் அவன் கணக்குக்குத் திரும்பிவிட்டது. இடையில் வங்கியில் ஒரு மணி நேரம் கணினி வேலை செய்யாமல் நின்றதை இப்போது சாதாரணமாக எழுதிவிட முடிகிறது. அன்று எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

இவ்வளவும் செய்தபின் தவணைத் தேதிப் பிரச்சினை மீதி இருந்தது. தனிநபர் கடன், கார்டுத் தவணை, நகை வட்டி மூன்றையும் கூட்டினால் மாதம் 12,000 ரூபாய்க்குள் வந்தது. அதை நான்கால் வகுத்து, வாரத் தவணையாக 3,000 என்று வைத்துக்கொண்டோம். தவணை பிடிக்கப்படும் வங்கிக் கணக்கு ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, அதன் ஏ.டி.எம். அட்டையைத் தம்பி வீட்டில் கொடுத்துவைத்தோம். சனிக்கிழமை இரவு சம்பளம் வந்ததும் 3,000 தனியாகப் போய்விடும். ஞாயிறு சந்தைக்கும் வாரச் செலவுக்கும் 2,500. என் சம்பளம் வாடகைக்கும், தண்டல் முடியும் வரை அதற்கும் சரியாகப் போயிற்று. முன்பெல்லாம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பும்போது வங்கி ஒருபுறமும் கடன் கொடுத்த நிறுவனம் மறுபுறமும் அபராதம் போடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு. அது அதோடு நின்றது.

வாரக் கணக்கில் எங்களுக்கு ஒரு லாபமும் தட்டுப்பட்டது. ஆண்டுக்கு 52 சனிக்கிழமைகள். மாதம் நான்கு என்று பார்த்தால் 48தான். ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்கள் ஆண்டில் நான்கு இருக்கின்றன. அந்த ஐந்தாவது சனிக்கிழமை ஒதுக்கும் 3,000 எந்தத் தவணைக்கும் தேவைப்படாது. நான்கையும் சேர்த்தால் 12,000. சரியாக ஒரு மாதத் தவணை. வேலை இல்லாத வாரங்களை இந்தப் பணத்தை வைத்துத்தான் சமாளித்தோம். நூல் விலைப் பிரச்சினைக்குப் பிறகும் வேலை ஒரே சீராக இருந்ததில்லை என்பதால், இது இல்லாவிட்டால் தண்டல்காரரைத் தேடி நாங்களே போயிருப்போம்.

செலவைக் குறைத்ததைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கேபிளை நிறுத்தினோம், வெளியில் சாப்பிடுவதை விட்டோம். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பது. எங்களுக்குப் பெரிய செலவாக இருந்தது மொய். கொங்கு நாட்டில் மொய் நோட்டு இல்லாத வீடு இல்லை. எங்கள் திருமணத்துக்கும் குழந்தையின் காதுகுத்துக்கும் வந்த மொய் யாவும் ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டியவை. ஆகவே அதையும் கடன் நோட்டில் தனிப் பக்கமாக எழுதினேன். வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டிச் செய்வதுதான் வழக்கம். கடன் தீரும் வரை வாங்கிய அளவுக்கு மட்டும் செய்வது, நமக்குச் செய்யாதவர்களுக்குக் குறைந்த அளவில் செய்வது என்று முடிவெடுத்தோம். மாமியாருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் மொய் நோட்டை எடுத்துப் பெயர் பெயராக வாசித்துக் காட்டியபோது, யாருக்கு எவ்வளவு என்பதை அவரே திருத்திச் சொல்லத் தொடங்கினார். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் அடுக்கி வரும் என்பதால், அதற்கு முந்தைய மாதங்களிலேயே தொகையை எடுத்துவைக்கும் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுத்தந்ததும் அவர்தான்.

தண்டல் முடிந்து மிச்சமான 6,000ஐயும், தீபாவளி போனஸையும் எந்தக் கடனில் போடுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. வட்டிக் கணக்குப்படி கார்டுத் தவணையை முன்கூட்டி முடிக்க வேண்டும். நகைக்கடன் வட்டி இருப்பதிலேயே குறைவு. ஆனால் நான் நகையை முதலில் மீட்பதில் உறுதியாக இருந்தேன். நிலையான வேலை இல்லாத வீட்டில் திடீர்த் தேவைக்கு ஒரு மணி நேரத்தில் பணமாக மாறக்கூடியது நகை ஒன்றுதான். அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கும்வரை அடுத்த மருத்துவச் செலவுக்கு மறுபடியும் தண்டலிடமோ கார்டிடமோதான் போக வேண்டியிருக்கும். இதற்குக் கொஞ்சம் வட்டி கூடுதலாகக் கொடுத்தோம் என்பது உண்மை. இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். கையில் வந்தபோதெல்லாம் ஐயாயிரம், ஏழாயிரம் என்று அசலில் கட்டினோம். ஆண்டுதோறும் கடனைப் புதுப்பிக்கும்போது, தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்று வங்கியில் சொல்வார்கள். 2024 இறுதியில் பவுன் 56,000ஐத் தாண்டியிருந்தது. ஆசை வராமல் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நகை வீட்டுக்கு வந்துவிட்டது. கார்டுத் தவணையும் அதே ஆண்டில் முடிந்தது.

நாத்தனாரின் 50,000க்கு வட்டி இல்லை. கணக்குப் பார்த்தால் கடைசியில் கொடுக்க வேண்டிய கடன். ஆனாலும் 2022 முதலே மாதம் ஆயிரம் அவருக்கு அனுப்பிவந்தோம். பணம் சிறிதாயினும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்ததால், விசேஷ வீடுகளில் அவரும் நாங்களும் முகம் பார்த்துப் பேச முடிந்தது. கார்டு முடிந்த பிறகு தொகையைக் கூட்டி, 2025இல் முடித்தோம்.

தனிநபர் கடனில் அப்போது ஓராண்டுத் தவணையே மீதி. அசல் 79,000 அளவில். அதை ஒரே தொகையாக அடைத்துவிடலாம் என்று கணவர் ஆசைப்பட்டார். நிலையான வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி முடிப்பதற்கு 4 விழுக்காடு கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி.; மொத்தம் 3,700 ரூபாய்க்கு மேல். மீதித் தவணைகளில் இருந்த வட்டியோ 6,571 ரூபாய்தான். தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதியைத் தொடக்க ஆண்டுகளிலேயே கட்டிவிடுகிறோம் என்பதால், கடைசி ஆண்டில் அடைப்பதில் பெரிய மிச்சம் இல்லை. மூவாயிரத்துக்கும் குறைவான லாபத்துக்காகக் கையிருப்பைத் துடைத்து எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். 2026 தொடக்கத்தில் கடைசித் தவணை தானாகப் பிடிக்கப்பட்டு முடிந்தது.

தவணை முடிந்தால் கடன் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கிய பிறகும், சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கடன் நடப்பில் இருப்பதாகவே காட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திலும் இலவசமாக முழு அறிக்கை பெறலாம். அதில் "முடிந்தது" என்று இருக்க வேண்டும். முழுவதையும் கட்டாமல் சமரசத் தொகை கட்டித் தீர்த்தவர்களுக்கு வேறு வார்த்தை வரும். அது அடுத்த கடனுக்கு இடைஞ்சல். சான்றிதழை இணைத்து இணையத்திலேயே புகார் கொடுத்தேன். முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியையும் குறிப்பிட்டேன், கெடுவுக்குள் திருத்திவிட்டார்கள்.

இப்போதும் சனிக்கிழமை 3,000 தனியாகத்தான் போகிறது. மாதம் 5,000 அஞ்சலகத் தொடர் வைப்பில் சேர்கிறது. பன்னிரண்டு தவணை கட்டியபின் சேர்ந்த பணத்தில் பாதி வரை கடனாக எடுக்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். மீதி, எடுக்க வசதியாகச் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 436 ரூபாயிலும் 20 ரூபாயிலும் கிடைக்கும் அரசின் ஆயுள், விபத்துக் காப்பீடுகள் இரண்டையும் இருவர் பெயரிலும் எடுத்திருக்கிறோம். மருத்துவக் காப்பீட்டுக்கு மாமனாரின் வயதையும் பழைய அறுவை சிகிச்சையையும் சொன்னால் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகிறது. அவர் ஒருவருக்காக மட்டும் தனியாகப் பணம் சேர்ப்பதா, எங்கள் மூவருக்கு மட்டும் காப்பீடு எடுத்துவிட்டு அவருக்கு நகையை நம்பி இருப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.